கிளம்பிவிட்ட பார்சலுக்கு முகவரி மாற்றலாமா?

வாசகர் கேள்வி – பதில்

வீடு மாறியவர்கள், பின்கோடு தவறிப் போனவர்கள், ஊரில் இல்லாத நாளில் பார்சல் வந்து நிற்பவர்கள் என்று இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: வேளச்சேரியிலிருந்து மடிப்பாக்கத்துக்குக் குடிமாறிப் பத்து நாள் ஆகிறது. ஆன்லைனில் மிக்ஸி ஆர்டர் போட்டபோது பழைய முகவரி தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. கவனிப்பதற்குள் ‘ஷிப்டு’ என்று காட்டுகிறது. பக்கத்து ஏரியாதானே, மாற்றித் தர மாட்டார்களா? – மடிப்பாக்கம் வாசகி

பக்கத்து ஏரியா என்பது நமக்கு. பார்சலுக்கு வேளச்சேரி 600042, மடிப்பாக்கம் 600091. அதன் கணக்கில் இரண்டும் வேறு வேறு ஊர்.

‘ஷிப்டு’ ஆகும் முன்பு என்றால் வேலை சுலபம். ஆர்டர் பக்கத்துக்குப் போனால் முகவரியை மாற்றும் வசதி பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஆனால் விற்பவர் பெட்டியில் லேபிளை ஒட்டி பார்கோடை ஸ்கேன் செய்துவிட்டால் அந்த வசதி மறைந்துவிடும். காரணம், லேபிளில் இருப்பது உங்கள் முகவரி மட்டும் இல்லை. பின்கோடை வைத்து, எந்த ஹப் (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மையம்) வழியாக எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்ற ரூட் குறியீடும் அதில் அச்சாகியிருக்கும். வழியில் இருப்பவர்கள் அந்தக் குறியீட்டைத்தான் பார்க்கிறார்கள், தெருப் பெயரை யாரும் படிப்பதில்லை. பில்லும் பழைய முகவரிக்கே அடிக்கப்பட்டு உள்ளே போயிருக்கும். அதனால் கஸ்டமர் கேரில் எவ்வளவு நேரம் பேசினாலும் “முடியாது மேடம்” என்றுதான் வரும். அவர்கள் திரையில் அதற்கான பொத்தானே இருக்காது.

இனி செய்யக்கூடியது மூன்று. பழைய வீட்டுப் பக்கம் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர்களை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஓடிபி கேட்கும் பார்சல் என்றால், டெலிவரி செய்பவர் வாசலில் நிற்கிறார் என்று அவர்கள் போனில் உறுதி சொன்ன பிறகு எண்ணைக் கொடுங்கள். பணத்திலும் நேரத்திலும் இதுதான் மலிவு.

இரண்டாவது, ‘அவுட் ஃபார் டெலிவரி’ என்று வந்த காலையில் டெலிவரி செய்பவரே கூப்பிடுவார். அப்போது கேட்டுப் பாருங்கள். இரண்டு பின்கோடும் ஒரே கிளையின் கீழ் வந்தால், அவரோ மடிப்பாக்கம் ரூட்டில் போகும் இன்னொருவரோ கொண்டுவந்து தர வாய்ப்பு உண்டு. அது அவர் செய்யும் உதவி, உங்கள் உரிமை இல்லை. இருப்பிடம் மாறினால் சில நிறுவனங்களின் செயலி டெலிவரியைப் பதிய விடாது என்பதால், அவர் மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, கேன்சல் செய்துவிட்டு புது முகவரிக்கு மறுபடி ஆர்டர் போடுவது. அதற்கு முன் இன்றைய விலையைப் பாருங்கள். தள்ளுபடி நாளில் வாங்கிய மிக்ஸியை இன்று அதே விலைக்குத் தர மாட்டார்கள். பழைய ஆர்டர் திரும்பிப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பணம் வரும் என்றால், அதுவரை இரண்டு மிக்ஸிக்கான பணம் முடங்கும்.

எது செய்தாலும், இன்றே எல்லாச் செயலிகளிலும் பழைய முகவரியை அழித்துவிடுங்கள். ‘டீஃபால்ட்’ முகவரியை மாற்றினால் மட்டும் போதாது, பழையது பட்டியலில் இருக்கும்வரை என்றாவது ஒரு நாள் கை தவறி அதில் படும்.

கேள்வி: கோவையில் இருக்கும் தங்கைக்குத் துணி பார்சல் கூரியரில் போட்டேன். 641001 என்பதற்குப் பதில் 614001 என்று எழுதிவிட்டேன். ஊர் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. போய்ச் சேருமா? – திண்டுக்கல் வாசகர்

மன்னார்குடிக்குப் போகும். 614001 மன்னார்குடியின் பின்கோடு.

பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் நாட்டில், பல மொழிகளில் எழுதப்படும் முகவரிகளைப் பிரிப்பதற்காகவே வந்தது அது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு வட்டாரம். முதல் மூன்று இலக்கமும் சேர்ந்து எந்தப் பிரிப்பு மாவட்டம் என்பதைச் சொல்லும், கடைசி மூன்றும் எந்த டெலிவரி தபால் நிலையம் என்பதை. தனியார் கூரியர்களும் அதே ஆறு இலக்கத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். கடைசி மூன்றில் தவறினால் அதே வட்டாரத்துக்குள் எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் முதல் மூன்றிலேயே இடம் மாற்றி எழுதியதால் மேற்கே போக வேண்டியது கிழக்கே போகிறது.

புக்கிங் செய்த கிளைக்கு ரசீதோடு இன்றே போங்கள். முகவரியைத் திருத்தச் சொல்லும் அதிகாரம் அனுப்பியவரான உங்களுக்குத்தான். தங்கை கோவை கிளையில் போய்க் கேட்டால், “அனுப்பியவரைச் சொல்லச் சொல்லுங்கள்” என்று திருப்பி அனுப்புவார்கள். அதுவும் நியாயம்தான். யார் வேண்டுமானாலும் போன் செய்து முகவரி மாற்றலாம் என்றால் ஒரு பார்சலும் உரியவரிடம் போய்ச் சேராது.

வாயால் சொல்லிவிட்டு வராமல், எழுத்தில் கொடுங்கள். கிளையின் மெயிலுக்கோ வாட்ஸ்அப் எண்ணுக்கோ ரசீதின் படத்தோடு இப்படி அனுப்பினால் போதும்: “டாக்கெட் எண் இது. இந்தத் தேதியில் புக் செய்தது. பெறுநர் பின்கோடு 614001 என்று தவறாக எழுதப்பட்டது. சரியானது 641001, கோயம்புத்தூர். அங்கே திருப்பி அனுப்பவும். கூடுதல் கட்டணத்தை நான் தருகிறேன்.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கட்டணம் யார் தருவது என்று தெரியாததால்தான் பல பார்சல்கள் நடுவழியில் ஒரு மூலையில் கிடக்கின்றன.

பார்சல் இன்னும் திண்டுக்கல் கிளையை விட்டுக் கிளம்பவில்லை என்றால் லேபிளை மாற்றினால் முடிந்தது. கிளம்பிவிட்டால் வழியில் நிறுத்துவது நடக்காத காரியம். பைக்குள் பையாகக் கட்டிப் போயிருக்கும், அதை எந்த ஹப்பிலும் பிரித்துத் தேட மாட்டார்கள். மன்னார்குடி கிளை ஸ்கேன் செய்யும்வரை பொறுத்திருந்து, அங்கிருந்து கோவைக்குப் புது புக்கிங் போடச் சொல்வதே வழி. ஏறக்குறைய முதலில் கட்டிய கட்டணத்தை மறுபடி கட்ட நேரும்.

மன்னார்குடியில் புது லேபிள் ஒட்டும்போது பழைய லேபிளை முழுக்க மறைத்து ஒட்டச் சொல்லுங்கள். பழைய பார்கோடு ஒரு ஓரம் தெரிந்தாலும் ஸ்கேனர் அதைப் படித்து, பார்சலை மறுபடி மன்னார்குடிக்கே தள்ளும். பழைய அட்டைப்பெட்டியில் பார்சல் கட்டுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறோம். பழைய ஸ்டிக்கரைக் கிழித்து எடுங்கள், கிழிக்க வரவில்லை என்றால் மார்க்கரால் பார்கோடின் குறுக்கே கோடுகள் அடியுங்கள்.

ஸ்பீட் போஸ்டில் போட்டிருந்தாலும் இதே முறைதான். பதிவு செய்த தபால் நிலையத்தில் ரசீதையும் அடையாள அட்டையையும் காட்டி, முகவரியைத் திருத்தவோ தபாலைத் திரும்பப் பெறவோ எழுதிக் கொடுக்கலாம். பட்டுவாடா ஆகும்வரை வாய்ப்பு உண்டு.

கேள்வி: மதுரையிலிருந்து ஓசூருக்கு மாறிவிட்டோம். பழைய வீட்டுக்கு வரும் தபால்களை எல்லாம் இங்கே திருப்பிவிட வழி இருக்கிறதா? – ஓசூர் வாசகர்

தபால் துறையில் இருக்கிறது. தனியார் கூரியர்களில் இல்லை.

பழைய முகவரிக்குப் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தின் போஸ்ட்மாஸ்டருக்கு எழுத்தில் விண்ணப்பம் தர வேண்டும். ஓசூர் தபால் நிலையத்தில் கொடுத்துப் பயனில்லை, தபால் வந்து இறங்குவது மதுரையில். விண்ணப்பத்தில் வீட்டில் யார் யார் பெயருக்குத் தபால் வருமோ அத்தனை பெயரும் தனித்தனியாக இருக்கட்டும். “குடும்பத்தினர்” என்று பொதுவாக எழுதினால், வேறு இனிஷியலோடு வரும் மருமகளின் தபாலை எது என்று தபால்காரர் கண்டுபிடிப்பார்? பழைய முகவரி, பின்கோடோடு புது முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, செல்போன் எண், பெரியவர்களின் கையெழுத்து, ஓர் அடையாள அட்டையின் நகல். இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும். நிரந்தரமாக இப்படித் திருப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதால், காலம் முடியும் முன் தேவைப்பட்டால் மறுபடி எழுதிக் கொடுங்கள்.

முடிந்தால் உங்கள் பழைய தெருவின் தபால்காரரையும் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். தபாலைக் கையில் வைத்துக்கொண்டு ‘வீடு மாறிவிட்டார்’ என்று எழுதித் திருப்புவதா, புது முகவரிக்கு அனுப்புவதா என்ற முடிவு அவர் பையில்தான் இருக்கிறது.

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனியாக இல்லை, ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே வங்கி, நீதிமன்றம், காப்பீடு என்று முன்பு பதிவுத் தபாலில் வந்ததெல்லாம் இப்போது ஸ்பீட் போஸ்டில் வரும். விண்ணப்பத்தில் “ஸ்பீட் போஸ்ட் உட்பட” என்று ஒரு வார்த்தை சேர்ப்பது நல்லது.

கேள்வி: பாஸ்போர்ட், ஏடிஎம் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் இவற்றையும் அப்படித் திருப்பிவிடலாமா? – நாகர்கோவில் வாசகி

கூடாது, முடியாது. இவை முகவரியையே ஒரு சோதனையாக வைத்து அனுப்பப்படுபவை.

பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில் வரும். விண்ணப்பதாரரின் கையில்தான் தருவார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். வீடு பூட்டியிருந்தால் தபால் நிலையத்தில் சில நாள் வைத்திருந்து, பிறகு பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திருப்பிவிடுவார்கள். அதனால் ‘அனுப்பப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வந்ததும் 13 எழுத்து கொண்ட டிராக்கிங் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ‘ஐஎன்’ என்று இருக்கும். உங்கள் தபால் நிலையத்துக்கு வந்த அன்று நேரில் போய் அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ளலாம். ஏடிஎம் கார்டு திரும்பிப் போனால் வங்கிக் கிளையில் முகவரியைத் திருத்திவிட்டுத்தான் மறுபடி கேட்க வேண்டும்.

லைசென்ஸ், ஆர்சி விஷயத்தில் தமிழ்நாட்டில் இன்னும் கறார். 28.2.2024 முதல் இரண்டும் ஸ்பீட் போஸ்டில் மட்டுமே அனுப்பப்படுகின்றன. முகவரி தவறு என்றோ வீடு பூட்டியிருந்தது என்றோ திரும்பிவிட்டால், ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் போய் நின்றாலும் கையில் தர மாட்டார்கள். பதிவேட்டில் முகவரியைச் சரிசெய்து, தபால்தலை ஒட்டிய சுயமுகவரியிட்ட உறை கொடுத்தால் மறுபடி தபாலில்தான் அனுப்புவார்கள். வாடகை வீடு மாறப் போகிறீர்கள் என்றால், முகவரியை மாற்றிய பிறகு லைசென்ஸ் புதுப்பிக்கக் கொடுங்கள்.

கேள்வி: “உங்கள் பார்சல் வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, 24 மணி நேரத்துக்குள் கீழே உள்ள லிங்கில் திருத்தவும்” என்று தபால் துறை பெயரில் எஸ்எம்எஸ் வந்தது. நான் எதிர்பார்க்கும் பார்சலும் ஒன்று இருக்கிறது. திறக்கலாமா? – விழுப்புரம் வாசகர்

திறக்காதீர்கள். தபால் துறை இப்படி அனுப்புவதில்லை. இந்தச் செய்தி போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மைச் சரிபார்ப்புப் பிரிவே அறிவித்திருக்கிறது.

லிங்கைத் தொட்டால் வரும் பக்கம் சிவப்பு நிறம், சின்னம் எல்லாம் அசல் போலவே இருக்கும். முகவரி கேட்கும், பிறகு மறு டெலிவரிக்கு என்று ஒரு சிறு தொகை கேட்கும். சிறு தொகைதானே என்று கார்டு எண்ணைப் போட வைப்பதுதான் நோக்கம். அந்தத் தொகைக்காக அவர்கள் வரவில்லை. எஸ்எம்எஸ்ஸில் டிராக்கிங் எண் இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்காது. இருந்தாலும், லிங்கை விட்டுவிட்டு தபால் துறையின் இணையதளத்தை நீங்களே திறந்து அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

இதன் இன்னொரு வடிவம் போனில் வருகிறது. கூரியரிலிருந்து பேசுவதாகச் சொல்லி, “முகவரி கிடைக்கவில்லை, டெலிவரி செய்பவரோடு இணைக்கிறேன், *21* போட்டு இந்த எண்ணை அழுத்தி கடைசியில் # அழுத்துங்கள்” என்பார்கள். அதை அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவர்கள் எண்ணுக்குத் திரும்பிவிடும், வங்கி போனில் சொல்லும் ஓடிபி உட்பட. ஏற்கெனவே அழுத்திவிட்டவர்கள் உடனே ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். காவல் நிலையத்துக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்க வேண்டும்.

கேள்வி: திருப்பூரிலிருந்து பெங்களூரு வியாபாரிக்கு 80,000 ரூபாய் பனியன் சரக்கு லாரி ஆபீசில் போட்டாயிற்று. வண்டி கிளம்பிய பிறகு “மைசூரு கோடவுனில் இறக்குங்கள்” என்கிறார். டிரைவரிடம் சொன்னால் போதாதா? – திருப்பூர் வாசகர்

போதாது. வீட்டுப் பார்சலுக்கு முகவரி மாறினால் தாமதம், சரக்குக்கு முகவரி மாறினால் அபராதம்.

மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (ஜிஎஸ்டி தளத்தில் போடும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு) கட்டாயம். (தமிழ்நாட்டுக்குள்ளேயே போவதற்கு வரம்பு 1 லட்சம்.) அந்த பில்லில் வண்டி எண்ணை மாற்றலாம், ஆனால் இறக்கும் இடத்தைத் திருத்த முடியாது. போட்டு 24 மணி நேரம் ஆகவில்லை, வழியில் அதிகாரி யாரும் சோதிக்கவில்லை என்றால் ரத்து செய்யலாம். ஆனால் சரக்கு நகர்ந்துவிட்ட பிறகு ரத்து செய்தால், பில்லே இல்லாமல் ஓடும் வண்டியாகிவிடும் அது. பெங்களூரு என்று எழுதிய பில்லோடு மைசூரு ரோட்டில் வண்டி பிடிபட்டால் ஜிஎஸ்டி சட்டம் 129ஆம் பிரிவு பாயும். உரிமையாளர் முன்வந்து கட்டினாலும் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு.

பாதுகாப்பான வழி: சரக்கு எல்.ஆரில் (லாரி ஆபீஸ் தந்த ரசீது) எழுதியபடி பெங்களூரு டிரான்ஸ்போர்ட் கோடவுனில் இறங்கட்டும். அங்கிருந்து மைசூருக்கு வாங்குபவர் தன் பெயரில் புது இ-வே பில் போட்டு எடுத்துக்கொள்வார். அந்த வண்டிச் செலவு யாருடையது என்று இப்போதே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆர்டரிலிருந்து பில் ஓர் இடத்துக்கு, சரக்கு ஓர் இடத்துக்கு என்றால் ‘பில் டு – ஷிப் டு’ முறையில் ஆரம்பத்திலேயே இரண்டு முகவரியும் போடுங்கள். மைசூரு கோடவுன் அவருடைய ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வியாபார இடமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: மகன் சிங்கப்பூரிலிருந்து காரைக்குடி முகவரிக்கு டிஹெச்எல்லில் பார்சல் போட்டிருக்கிறான். நான் இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். – காரைக்குடி வாசகி

டிஹெச்எல்லில் ‘ஆன் டிமாண்ட் டெலிவரி’ என்று ஒரு வசதி இருக்கிறது. வேறு நாளைக்குத் தள்ளிவைப்பது, ஊருக்குப் போயிருந்தால் நிறுத்திவைப்பது, வேறு முகவரி தருவது எல்லாம் அதில் கேட்கலாம். அதற்கான லிங்க், புக் செய்தபோது மகன் கொடுத்த உங்கள் செல்போன் எண்ணுக்கோ மெயிலுக்கோதான் வரும். அந்த எண் பழசு என்றால் முதலில் மகனை விட்டு அதை மாற்றச் சொல்லுங்கள். எல்லா வசதியும் எல்லாப் பார்சலுக்கும் கிடைக்காது, அனுப்புபவர் சிலவற்றைத் தடுத்து வைத்திருக்கவும் கூடும்.

சுங்கச் சோதனை முடியும்வரை முகவரியில் கை வைக்காதீர்கள். கேஒய்சி ஆவணம் கேட்பார்கள், பார்சலில் உள்ள பெயர் அதோடு பொருந்த வேண்டும். நடுவில் மகள் பெயரையும் மகள் முகவரியையும் கொடுத்தால் குழப்பம்தான். சோதனை முடிந்த பிறகு, உங்கள் பெயரிலேயே, ‘மகள் வீடு’ என்று சென்னை முகவரியைக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டில்தான் இருந்தேன். ஆனால் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று பதிவு செய்திருக்கிறார்கள். – சேலம் வாசகர்

அன்றே, தேதி நேரத்தோடு திரையைப் படம் பிடித்து நிறுவனத்துக்குப் புகார் பதிந்து எண் வாங்குங்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு அழைப்பு எதுவும் வரவில்லை என்பதைக் காட்டும் போன் பதிவையும் சேருங்கள். இரண்டு மூன்று முறை இப்படிப் பதிவானால் பார்சல் தானாகவே அனுப்பியவருக்குத் திரும்பிவிடும், பிறகு யார் நினைத்தாலும் நிறுத்த முடியாது. நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதோடு உங்கள் முகவரியையும் ஒரு தடவை பாருங்கள். பல ஊர்களில் பழைய கதவு எண், புதிய எண் என்று இரண்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றை மட்டும் எழுதினால் அடுத்த தெருவில் அதே எண் கொண்ட பூட்டிய வீட்டின் முன் நின்றுவிட்டுத்தான் போயிருப்பார். “ப.எண், பு.எண்” இரண்டையும் எழுதி, அருகில் எளிதில் மாறாத ஓர் அடையாளம் தாருங்கள். கோயில், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி மாதிரி. டீக்கடையும் செல்போன் கடையும் வேண்டாம், ஆறு மாதத்தில் பெயர் மாறிவிடும். தபால் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்று பத்து எழுத்துக் குறியீடு ஒன்றை வெளியிட்டது. ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள கட்டத்தை அது குறிக்கும், உங்கள் வாசற்படியையே சுட்டலாம். ஆனால் பின்கோடை எடுத்துவிட்டு அதை எழுதாதீர்கள். சேலம்வரை பார்சலைக் கொண்டுவருவது இன்றும் அந்த ஆறு இலக்கம்தான்.